கைக்கு எட்டிய இடத்தில் மட்டும் தேய்ந்த போல்ட்

2024 ஜூலை. பாலக்காட்டுக் கணவாயில் மேல்காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தன் .315 ரைஃபிளை உறையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வைத்த கையோடு சொன்னார்: “ஏனுங்க தம்பி, எலெக்‌ஷனுக்குக் குடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க. திரும்பி வந்தது இப்படி இருக்குது. அங்க யாரோ போல்ட்டை மாத்திப்போட்டாங்க.”

போல்ட் என்பது கைப்பிடியோடு முன்னும் பின்னும் ஓடி, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்பு உருளை. மக்களவைத் தேர்தலுக்காக மார்ச்சில் ஒப்படைத்த துப்பாக்கி அது. முடிவுகள் வந்தபின் ஜூனில் திரும்ப வாங்கியிருக்கிறார். 2022-இல் கேரள அரசு, காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்ததிலிருந்து, உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பஞ்சாயத்து கூப்பிடுகிறது. இவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்ப வாங்கிய பின் ஒரே ஒரு தோட்டா சுட்டிருக்கிறார். சுட்டதும் வலது கன்னத்தில் சூடாக ஏதோ வந்து அடித்திருக்கிறது. அதோடு துப்பாக்கியை மூடி வைத்துவிட்டார். அவர் செய்த நல்ல காரியம் அதுதான். இன்னொன்றைச் சுட்டுப் பார்த்திருந்தால் இதை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது பாலக்காட்டுப் பக்கம் உரிமம் பெற்ற பட்டறை ஒன்றில் வேலை. அவர் வீட்டிலிருந்து பொள்ளாச்சி பக்கம்தான். ஆனால் அவர் உரிமம் கேரள எல்லைக்குள் மட்டுமே செல்லும். ரைஃபிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால் குற்றம். இந்த எல்லைக்காரர்களுக்கு உறவு, சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் கிழக்கே இருக்கும்; துப்பாக்கி மட்டும் மேற்கேதான் வரவேண்டும்.

கேட்கக் கேட்க நான்கு குறைகள் சொன்னார். போல்ட்டைப் பூட்டிய பிறகும் கைப்பிடி ஆடுகிறது. குறி ஒரே இடத்தில் சேர்வதில்லை, சிதறுகிறது. கன்னத்தில் சூடு. நான்காவது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் அதையும் எழுதிக்கொண்டேன்: மார்கழி விடியற்காலையில் இரண்டு தடவை தோட்டா வெடிக்கவில்லை, வெயில் ஏறிய பிறகு அதே தோட்டா வெடித்திருக்கிறது.

தோட்டா உட்காரும் சேம்பர் காலி, தோட்டா அடுக்கும் மேகசின் காலி என்று பார்த்துவிட்டு, போல்ட்டை வெளியே எடுத்தேன்.

இந்த .315 நம் நாட்டில் பரவலாக இருக்கும் வேட்டை ரைஃபிள். .303 ராணுவ அளவு என்பதால் தனியாருக்குத் தடை. அதனால்தான் 8 மி.மீ. தோட்டாவுக்கு இதைச் செய்தார்கள். உள்ளே இருக்கும் போல்ட் அமைப்பு பழைய லீ-என்ஃபீல்டு வழியில் வந்தது. இதில் பூட்டும் காதுகள், ஆர்மரர்கள் லக் என்பது, போல்ட்டின் முன்னால் இல்லை. பின்னால், கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இடப்பக்கம் குட்டையான ஒரு காது, வலப்பக்கம் நீளமான ஒரு வரம்பு. தோட்டா வெடிக்கும்போது பின்னால் தள்ளும் விசை முழுவதையும் இவை இரண்டும் பாடியில், அதாவது போல்ட் ஓடும் உடற்பகுதியில், உள்ள இருக்கைகளில் சாய்ந்து தாங்கவேண்டும். இரண்டும் சமமாகச் சாய வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் உயிர். ஒன்று மட்டும் தாங்கினால் போல்ட் ஒவ்வொரு வெடிக்கும் கோணலாக வளையும், குறி சிதறும், தாங்கும் பக்கம் வேகமாகத் தேயும்.

முதலில் அவருடைய சந்தேகத்தையே எடுத்துக்கொண்டேன். போல்ட் மாறியிருந்தால் எண் மாறியிருக்கும். கைப்பிடி அடியில் உள்ள எண்ணையும் பாடியில் உள்ள எண்ணையும் லென்ஸில் பார்த்தேன். ஒரே எண், எழுத்து வெட்டும் ஒரே வகை. போல்ட் மாறவில்லை. ஆனால் ஒன்று உறுத்தியது. பாடியில் எண் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தது. போல்ட்டில் இருந்த எண் மங்கி, ஓரம் உருண்டு, பழைய காலணாவில் இருக்கும் எழுத்துபோல இருந்தது. இரண்டும் ஒரே நாளில் வெட்டப்பட்டவை. எண் இருக்கும் அந்த இடத்தில் எந்த இரும்பும் எந்த இரும்போடும் உரசுவதில்லை.

சரி, அங்கிருந்து தொடங்கினேன். உரசவேண்டிய இடம் தேய்ந்திருந்தால் அது உபயோகம். உரச வாய்ப்பே இல்லாத இடம் தேய்ந்திருந்தால், வெளியிலிருந்து யாரோ எதையோ கொண்டு வந்திருக்கிறார்கள்.

நல்ல வெளிச்சத்தில் போல்ட்டை மெல்லத் திருப்பினேன். சாதாரணமாகப் பயன்படுத்திய போல்ட்டில் தேய்மானம் கண்ணாடிபோல மின்னும் பட்டையாக, ஓடும் திசையிலேயே நீளக் கோடாக இருக்கும். இதில் அப்படி இல்லை. உடம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில், சோப்பு நுரை காய்ந்தமாதிரி ஒரு மங்கல் பளபளப்பு. லென்ஸில் அது ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்களாகப் பிரிந்தது. கீறல்கள் போல்ட்டைச் சுற்றி, வளையல் வளையலாக ஓடின. போல்ட் முன்னும் பின்னும்தான் ஓடும். கால் சுற்றுக்கு மேல் திரும்பாது. முழுச் சுற்றாகக் கீறல் விழ அதன் ஓட்டத்தில் வழியே கிடையாது. துணியோ நாரோ சுற்றி இழுத்தால்தான் விழும்.

போல்ட்டின் பின்முனைத் துண்டான காக்கிங் பீஸின் பின்னால் விரல் வழுக்காமலிருக்க வெட்டிய பற்கள் மழுங்கியிருந்தன. கைப்பிடிக் குமிழின் அடிப்பக்கம் கூடத் தேய்ந்திருந்தது. இடப்பக்கக் காதின் பின்முனை, கூர்மையாக நிற்கவேண்டிய விளிம்பு, உருண்டுபோயிருந்தது. அப்புறம் போல்ட்டின் முன்முனையான போல்ட் ஹெட்டைத் திருகிக் கழற்றினேன். உள்ளே இருந்த மரை புதிது. தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கர் ஓடும் துளையும் புதிது. ஸ்பிரிங்கில் தொழிற்சாலைக் கருமை அப்படியே இருந்தது. கைவிரலுக்கு எட்டிய இடமெல்லாம் தேய்மானம். எட்டாத இடத்தில் ஒன்றுமில்லை.

ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கில் வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. முகர்ந்தால் சிக்கு நாற்றம். தேங்காய் எண்ணெய். மார்கழிக் குறைக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். நம் பக்கத்து மார்கழி விடியல் அதற்குப் போதும். உறைந்த எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரைக்கர், தோட்டாவின் அடியில் உள்ள கேப்பில் வலுவாக அடிக்காது; வெயிலில் இளகியதும் அடிக்கும். இது தனிக்குறை, தேய்மானத்துக்குக் காரணமில்லை. ஆனால் தேங்காய் எண்ணெய் போட்டவர் யார் என்ற கேள்வியை அது விட்டுப்போனது.

பட்டறையில் இருந்த இளைய பையன் வேறு சந்தேகங்களை வரிசையாகச் சொன்னான். நியாயமான சந்தேகங்கள்தான், ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அழுத்தம் மிகுந்த தோட்டாவா? அப்படியென்றால் பாடியில் காது சாயும் இருக்கை பள்ளமாக நசுங்கியிருக்கும்; சுட்ட கேப்பில் ஸ்ட்ரைக்கர் குத்திய தடத்தைச் சுற்றி உலோகம் எரிமலை வாய்போல எழும்பியிருக்கும். இரண்டும் இல்லை. வைத்திருந்த இடத்தில் ஈரம் பட்டுத் துருவா? துரு தின்ற இரும்பு குழிகுழியாக இருக்கும். இதில் குழி ஒன்றுகூட இல்லை. தூசியா? அவன் விடாமல் தூசி தூசி என்றான், ஏனென்றால் கார்த்திகை, மார்கழியில் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காய்ந்த காற்று புழுதியை வாரிக்கொண்டு வருவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தூசி மேலிருந்து விழும். விழுந்தால் முதலில் மேகசினுக்குள் போகும். மேகசின் தட்டில் சாயம்கூடப் போகவில்லை, ஸ்பிரிங் சுத்தம்.

மிஞ்சியது போல்ட்டின் பள்ளங்களிலும் சுட்ட தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அடியிலும் அப்பியிருந்த கருப்புப் பசை. யார் பார்த்தாலும் வெடிமருந்துக் கரி என்றுதான் சொல்வார்கள். நானும் முதல் பார்வையில் அப்படித்தான் நினைத்தேன். விரல் நுனியில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். வெடிமருந்துக் கரி மைபோல இழையும். இது நறநறவென்றது.

வெள்ளை எனாமல் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, போல்ட்டைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கழுவினேன். தட்டைக் கையால் சுற்றிவிட்டு அசையாமல் வைத்தேன். சற்று நேரத்தில் மூன்றாகப் பிரிந்தது. கருப்புத் துகள் மெதுவாக அலைந்துகொண்டே இருந்தது. சாம்பல் நிறத் தூள் ஒன்று, தட்டுக்கு அடியில் காந்தத்தைக் கொண்டுபோனதும் காந்தத்தின் பின்னாலேயே ஓடியது. அது போல்ட்டிலிருந்தே தேய்ந்து வந்த இரும்பு. மூன்றாவது அடியில் போய் உட்கார்ந்தது. செம்மண் நிறம்.

அந்தச் சிவப்புத் துகளை மட்டும் ஊசி முனையில் எடுத்து இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தேன். கண்ணாடி கீறியது. சுண்ணாம்புக்கல் தூசியாக இருந்தால் கீறியிருக்காது. அதன் கடினம் மோஸ் அளவில் 3 தான். கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை, குவார்ட்ஸ் 7. மணலில் இருப்பது குவார்ட்ஸ். மணல் கலந்த களிமண்ணைச் சுட்டால் செங்கல். செங்கலைப் பொடித்தால் அந்தக் குவார்ட்ஸ் அப்படியே பொடியில் இருக்கும்.

செங்கல் பொடி. கூடவே அந்தக் கருப்பு, உமிக்கரி. எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்த்தது இந்த இரண்டையும் கலந்துதான். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பது பள்ளிக்கூடம் போகாத அவளுக்குத் தெரியாது, ஆனால் பித்தளை எதில் பளிச்சிடும் என்பது தெரியும்.

தோட்டக்காரரிடம் இதை உடனே சொல்லவில்லை. அவர் ஒரு அலுவலகத்தின்மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை மறுக்க என் விரல் நுனியின் நறநறப்பு மட்டும் போதாது. காலம் தெரிய வேண்டும். தேய்மானம் மார்ச்சுக்கு முன்பா பின்பா?

அதற்கு வழி அவரிடமே இருந்தது. தோட்டாக் கணக்கு கேட்பார்கள் என்று பயந்து, சுட்ட தோட்டாக்களின் காலிப் பித்தளை உறைகளை வாங்கிய பெட்டியிலேயே திரும்பப் போட்டு, பெட்டிமேல் வாங்கிய வருடத்தைப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். 2011, 2017, 2022 என்று மூன்று பெட்டி. இப்படி ஒரு சாட்சி எனக்கு இத்தனை வருட வேலையில் கிடைத்ததில்லை.

காலி உறை எதைச் சொல்லும்? போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி அளவோடு இருக்கவேண்டும். காது தேயத் தேய அந்த இடைவெளி கூடும். வெடிக்கும்போது உறையின் முன்பாகம் சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ளும். பின்பாகம் அந்த இடைவெளியை நிரப்பப் பின்னால் போகும். நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும். விளிம்புக்குச் சற்று மேலே, உள்பக்கமாக ஒரு வளையப் பள்ளம் விழும். வெளியே பார்த்தால் மெல்லிய பளிச்சென்ற ஒரு கோடு. சில சமயம் அதுவும் தெரியாது. பள்ளம் ஆழமானால் உறை அங்கேயே பிளக்கும், வாயு பின்னால் பாயும், சுடுபவன் கன்னத்தை நோக்கி.

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றின் நுனியைக் கூராக்கி, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வளைத்தேன். உறையின் வாய்வழியே அடிவரை விட்டு, உள்சுவரை உரசிக்கொண்டே மேலே இழுக்கவேண்டும். பழைய ஆர்மரர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை, இன்றுவரை இதைவிடச் சுலபமானது ஒன்று எனக்குத் தெரியாது. 2011 பெட்டியில் பத்து உறை. பத்திலும் கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது. 2017 பெட்டியில் சிலவற்றில் லேசாக, நகத்தால் காகித மடிப்பைத் தடவுவதுபோல, ஒரு தட்டல். 2022 பெட்டியில் எட்டு காலி உறை இருந்தன. ஏழு ஒப்படைப்பதற்கு முன்னால் சுட்டவை, ஒன்று பின்னால் சுட்டது. எட்டிலும் கம்பி சிக்கியது. கடைசி உறையில் வளையத்தின் கால்பாகம் பிளந்து, வெளியே புகைக்கறை படிந்திருந்தது. கன்னத்தில் பட்டது அதுதான்.

தோட்டா வருடத்துக்கு வருடம் மாறியிருக்கலாமே என்று நானே கேட்டுக்கொண்டு, மூன்று பெட்டி உறைகளின் விளிம்புத் தடிமனையும் மைக்ரோமீட்டரில் அளந்தேன். சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் மாறியது துப்பாக்கிதான். ஒரே இரவில் மாறவில்லை, பத்து வருடத்துக்கு மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறது.

அளவுமானியும் அதையே சொன்னது. நோ-கோ கட்டையைச் சேம்பரில் வைத்தால் போல்ட் பூட்டக்கூடாது. இது ஒரு விரல் அழுத்தத்தில் பூட்டிக்கொண்டது. காதுகளின் பின்முகத்தில், எங்கே அழுந்துகிறது என்று காட்டும் ப்ளூ மை தடவி, பூட்டித் திறந்தேன். வலது வரம்பின் ஒரு மூலையில் மெல்லிய கோடாக மை ஒட்டியது. இடப்பக்கக் காதில் தடவிய மை தடவியபடியே இருந்தது. அந்தக் காது எத்தனையோ காலமாக எதையும் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: “ஐயா, ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியையும் வைப்பீங்களா?” “வைக்காமங்க? அருவா, கொடுவாள், டிராக்டர் சாவி, துப்பாக்கி எல்லாந்தான். நம்ம ஆள்தான் எல்லாத்தையும் தேச்சு வைப்பாரு” என்று, தோட்டத்தில் நெடுநாளாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டார்.

அவர் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்று, மறைக்காமல் சொன்னார். “வெளக்கு தேய்க்கற பொடியிலதானுங்க தேய்ப்பேன். தேங்கா நாருல பொடியத் தொட்டுச் சுத்தி இழுத்தா வெள்ளி மாதிரி ஆயிருமுங்க. அப்பறம் தேங்காண்ணெய் விட்டு, உள்ள போட்டு, நூறு தடவ இழுத்து உடுவேன். துரு ஒட்டக்கூடாதுன்னுட்டுத்தானுங்க.”

அந்த நூறு தடவை. பம்புசெட் என்ஜின் வைத்திருக்கும் எல்லாருக்கும் வால்வு லேப்பிங் தெரியும். எண்ணெயில் குழைத்த அரைப்புப் பசையைத் தடவி வால்வைத் திருப்பித் திருப்பித் தேய்த்தால் இரும்பு இரும்பை அரைத்து உட்காரும். அந்தப் பெரியவர் அறியாமல் செய்தது அதேதான். நாரால் தேய்த்தது வெளி விளிம்புகளை உருட்டியது. துடைத்தபின்னும் பள்ளங்களில் மிஞ்சிய பொடி எண்ணெயோடு சேர்ந்து உள்ளே போய், நூறு இழுப்பில் காதையும் அதன் இருக்கையையும் அரைத்தது. அது போதாதென்று மிச்சம் அங்கேயே தங்கி, வருடம் முழுக்க ஒவ்வொரு இழுப்புக்கும் அரைத்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். தன் மூத்த மகள் கல்யாணம் ஆன வருடத்திலிருந்து என்றார். 2013. உறைகள் சொன்ன கணக்கோடு ஒத்துப்போனது.

திண்ணையை ஒட்டி அவர்கள் வீட்டுக் குத்துவிளக்கு நின்றது. உச்சியில் இருந்த அன்னத்தின் அலகு தேய்ந்து மொட்டையாகியிருந்தது. இறகின் வரிகள் தடவினால்தான் தெரிந்தன. போல்ட்டில் பார்த்த அதே மங்கல் பளபளப்பு. தோட்டக்காரரின் கையைப் பிடித்து அந்த அலகில் வைத்து, பிறகு நான் கொண்டுபோயிருந்த படத்தில் இடப்பக்கக் காதின் விளிம்பைக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, “நான் எழுதிக் குடுக்கலாம்னு இருந்த புகாரைக் கிழிச்சுப்போடறேனுங்க தம்பி” என்றார்.

பெரியவர்மேல் யாரும் கோபப்படக்கூடாது என்று நான் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அந்தத் துப்பாக்கியை அந்த வீட்டில் மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

சரிசெய்வது பற்றி. நீளமான போல்ட் ஹெட் ஒன்றைத் திருகினால் இடைவெளி அளவுக்கு வந்துவிடும், செலவும் குறைவு என்று சிலர் செய்வார்கள். நான் செய்ய மறுத்தேன். இடைவெளி குறையும், ஆனால் இடது காது அப்போதும் தாங்காது. மையைப் பார்த்து அரத்தால் ராவிச் சமமாக்கலாமா என்றால், காதின் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டது, உள்ளே இளகிய இரும்பு. உருண்ட விளிம்பில் ஊசி அரத்தை மெல்ல வைத்துப் பார்த்தேன். வழுக்கவேண்டிய அரம் கடித்தது. தோல் போய்விட்டது. இனி அந்தப் போல்ட்டுக்கு வைத்தியம் இல்லை. சுடத் தகுதியற்றது என்று எழுதி, சீட்டு கட்டி, விற்பனையாளர் வழியாகத் தயாரிப்பாளருக்கு அனுப்ப வைத்தேன். பாடியின் இருக்கைகளையும் அவர்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். புதுப் போல்ட் பொருத்தி, அழுத்தச் சோதனை சுட்டு, முத்திரையோடு வரவேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாதவர் பழுதுபார்க்கவே கூடாது. கோவைப் பக்கம் லேத் பட்டறையில் ஒரு மணி நேரத்தில் காது ஒட்டித் தருவார்கள் என்று அவருடைய மச்சான் சொன்னாராம். வெல்டிங் சூடு பட்ட காது எப்படிப் பிளக்கும் என்பதை நான் விளக்கிய பிறகு அந்தப் பேச்சு நின்றது.

பெரியவரைப் பட்டறைக்கு வரச்சொல்லி ஒரு மத்தியானம் உட்காரவைத்தேன். சுத்தமான ஃப்ளானல் துணி, துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு, துடைத்தபின் விரலில் வழவழப்பு மட்டும் தெரியவேண்டும், எண்ணெய் தெரியக்கூடாது. கருமை கருமையாகவே இருக்கட்டும், அது அழுக்கு இல்லை, துருவைத் தடுக்கப் பூசியது என்று காட்டினேன். “அப்ப மின்னவே கூடாதுங்களா?” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

ரைஃபிள் திரும்பிவர மாதங்கள் ஆயின. அந்த வருட ஆயுத பூஜையில் அருவாள்களுக்குப் பக்கத்தில் துப்பாக்கியின் காலி உறையை மட்டும் வைத்துச் சந்தனம் தொட்டார்களாம். வந்ததும் ப்ளூ தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் மை ஒட்டியது. நோ-கோ கட்டையில் போல்ட் பூட்டவில்லை. புதுப் போல்ட்டில் சுட்ட முதல் மூன்று உறைகளைத் தோட்டக்காரர் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து, தானே அந்த ஸ்போக்ஸ் கம்பியைக் கேட்டு வாங்கி உள்ளே விட்டு இழுத்தார். மூன்றிலும் எங்கும் தட்டவில்லை.